பாஸ்வேர்டு மொய்

2011-இல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்போடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் கமுதிக்கு வந்தது. கறுப்புத் திரையில் சூடோ கட்டளை பாஸ்வேர்டு கேட்டால் நம்மவருக்கு ஆயிரம் சந்தேகம். அதையே ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஜெனிட்டி கருவியால் அழகான பெட்டியாக்கி நீட்டினால், மொய் எழுதுவதுபோல் மறுபேச்சின்றி அடித்துவிடுவார். மொய்க்காவது நோட்டில் கணக்கு உண்டு. இந்தப் பாஸ்வேர்டு யார் கையில் போகிறதென்று யாரும் கேட்பதில்லை.

“பாஸ்வேர்டு கேட்கும் வேலைக்குப் பிகேஎக்ஸெக் கருவியை வையுங்கள், அது ஸ்கிரிப்டின் கண்ணிலேயே படாது” என்றார்கள் விவரமானவர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் 2009 முதலே ஓட்டை இருந்தது. அதன் வழியே பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் என்னும் முழு அதிகாரத்தைப் பிடிக்கலாம் என்று 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் அம்பலப்படுத்தியது.

கமுதிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப இத்தனை வருசமா நாங்க எதுக்குண்ணே அடிச்சோம்?”