படத்தொகையும் திணை மயக்கமும்: திருப்புட்குழிக் கணினி ஒன்றை முன்வைத்து

ஆய்வுக்களம், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியுள்ள திருப்புட்குழி. திருமங்கையாழ்வார் பாடிய தலம். ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்தது இங்கே என்கிறது தலபுராணம். இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், கேட்டதோடு நில்லாமல் ஆசிரியர் சொன்ன பொருளைத் திருத்தியதும் இந்த ஊரில்தான் என்பார்கள். இரண்டு செய்திகளும் பின்னால் தேவைப்படும்.

ஆய்வுப்பொருள், ஒரு வீட்டுக் கூடத்தில் பழைய வேட்டி போர்த்தி வைத்திருக்கும் கணினி. உடையவர் பெரியப்பா. இயக்குபவன் கல்லூரியில் படிக்கும் அவருடைய தம்பி மகன். பெரியப்பா சொல்வதை உடனுக்குடன் திருத்துபவன். ஊர் மரபு அப்படி. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று இருபது வருஷத்துப் படங்கள் இதனுள் குடியிருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த முடியுமா என்பதே வினா.

முன்னோடிகளை முதலில் வணங்குவோம். கணினியில் ‘அளவுப்படி அடுக்கு’ என்றொரு வசதி உண்டு. நம் தொகுப்பாளர்கள் அதை எப்போதோ அழுத்திவிட்டார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் இன்னும் ஒரு படி மேலே போனவர். 400 பாட்டுக்கும் எண்ணிலேயே திணையை வைத்துவிட்டார். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். பாட்டைத் திறக்காமலே உள்ளே பிரிவா ஊடலா என்று சொல்லிவிடலாம்.

திருப்புட்குழிக் கணினியில் ‘ஐஎம்ஜி 4387’ என்ற எண்ணை வைத்துக்கொண்டு அப்படி எதுவும் சொல்ல முடியாது. உள்ளே மாப்பிள்ளை அழைப்பு இருக்கலாம். கேஸ் சிலிண்டர் ரசீதும் இருக்கலாம். கேமராக்காரர்களுக்கு ஜப்பானில் 1998இல் வகுத்த நெறிப்படி கோப்பின் பெயருக்கு எட்டே எழுத்து, அதில் கடைசி நான்கும் எண். 9999 ஆனதும் பெரும்பாலும் மறுபடி 0001. ஆகவே பெரிய அக்கா கல்யாணத்து 0001உம், அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டிய அன்றைய 0001உம் ஒரே ஃபோல்டரில் முட்டிக்கொள்கின்றன. ‘பழையதை எடுத்துவிடவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா?’ என்று கணினி கேட்கிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா? பெரியப்பா இரண்டையும் வைத்துக்கொள்வார். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு ‘2’ பிறக்கும்.

இனி இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். 1995இல் ஜப்பானில் வந்த எக்ஸிஃப் என்னும் நெறியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு படத்தின் வயிற்றுக்குள்ளும் எடுத்த நாளும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். போனில் இருப்பிடத்தைத் திறந்து வைத்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேரும். இதில் பொழுதை முழுதாக நம்புவதற்கில்லை. பேட்டரி தீர்ந்துபோன கேமரா நாளை மறந்து தன் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். இக்கணினியின்படி ஒரு சஷ்டியப்தபூர்த்தி 2000 ஜனவரி 1 நள்ளிரவில் நடந்திருக்கிறது. நாளே இல்லாத படங்கள் சிலவற்றுக்கு 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று விழுந்திருக்கிறது. யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அது. கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை.

“முகூர்த்த நேரமாப் பாத்துத்தான் போட்டிருக்கான்” என்றார் பெரியப்பா.

கோலங்களைப் பற்றியும் ஒரு சொல். வைணவத்தில் நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று, எக்ஸிஃபில் எட்டு. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் எந்தப் பக்கம் மேல் என்பதை ஓர் எண் குறித்துவைக்கும். அந்த எண்ணைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருளில் திறந்தால், கோபுரத்தடியில் நின்ற அத்தை பாம்பணை இல்லாமலே பள்ளிகொண்டிருப்பார்.

வாட்ஸ்அப் வழியே வரும் படங்கள் தனிக் குலம். நாளும் இடமும் வழியிலேயே பறிக்கப்பட்டு, அனுப்பிய தேதி மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் நிலம் ஒதுக்காத தொல்காப்பியருக்கு இது புதிதாகத் தெரியாது. தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வரும் வணக்கப் படம் ஐயமறக் கைக்கிளை; பதில் எதிர்பாராதது, பதில் பெறாதது. ஆதார் அட்டை நகலுக்கு நடுவே வளைகாப்புப் படம் கிடப்பது பெருந்திணை.

மென்பொருள் பிக்காசா. கூகுள் 2004இல் வாங்கி, 2016இல் கைவிட்டது. திருப்புட்குழி கைவிடவில்லை. ஒரே பொத்தானில் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்செய்யும் வசதி அதில் உண்டு. மற்ற ஊர்களில் அது வரம். பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அது வம்பு. அழுத்தினால் அரக்கு குங்குமச் சிவப்பாகும், எம்.எஸ். ப்ளூ ஏதோ ஒரு நீலமாகும். தம்பி மகன் ஒரு ஃபோல்டர் முழுவதையும் இப்படிச் சீர்செய்து முடித்த அன்று பெரியம்மா திரையருகே வந்து பார்த்தார். “அரக்குல மாம்பழ பார்டர்னு தேடித் தேடி வாங்கினது. இது யார் புடவைடா?” என்றார். நல்லவேளை, ‘சேமி’ என்று சொல்லும்வரை பிக்காசா மூலப்படத்தைத் தொடாது. செய்த திருத்தமெல்லாம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பில்தான் இருக்கும். மூலத்தில் கை வைக்காமல் உரையில் மட்டும் மாற்றுவது நம் உரையாசிரியர்கள் காத்த ஒழுக்கம். காக்காதவர்களும் உண்டு.

அழிப்பதில்தான் ஆய்வு தடுக்கி விழுந்தது. ஆல்பத்திலிருந்து நீக்கினால் படம் சாகாது, ஃபோல்டரிலிருந்து நீக்கினால் செத்தது என்பது பிக்காசாவின் விதி. பெரியப்பாவுக்கு இரண்டிலும் கை ஓடவில்லை. ஒரு கழுகுக்கு இறுதிக் கடன் செய்த ஊரில், பாதிக் கட்டைவிரல் மட்டும் பதிந்த படத்துக்குச் செய்ய ஆளில்லை.

இதே மாவட்டத்து உத்திரமேரூர் உதவக்கூடும் என்று கருதினோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறதே. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. தகுதி உடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஒரே குழு நின்ற ஒரே இடத்தில் சற்று முன்னும் பின்னுமாக எடுத்த நாற்பதுக்குக் குறையாத படங்களில் ஒன்றைத் தேர இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் தகுதி நீக்க விதிகளை வைத்துப் பார்த்தபோது படத்தில் ஆளே மிஞ்சவில்லை. மொய்க்கணக்குக் காட்டாத ஒருவர் நடுவில் நிற்கிறார். அவருக்கு அத்தை மகன், மாமன், மாப்பிள்ளை என்று கல்வெட்டு பட்டியலிடும் அத்தனை உறவும் இருபுறமும் நிற்கிறது. சிறுவனை விட்டே ஒன்றை எடுக்கச் சொன்னோம். பந்தியில் ஐஸ்கிரீம் வைத்திருக்கும் தன் படத்தை எடுத்தான்.

ஆய்வின் முடிபு கிடைத்தது கணினிக்கு வெளியே. கிரகப்பிரவேசப் படம் ஒன்றைத் தம்பி மகன் நாளாலும் இடத்தாலும் முகத்தாலும் தேடிக்கொண்டிருந்தான். முகம் அறியும் வசதியோ, கோபுரத்துத் துவாரபாலகரைக் காட்டி ‘இவர் யார்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்:

“அது ஒங்க சித்தப்பா கோவிச்சிக்கினு போச்சே, அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம்டா. அதான் அதுல அவரு இருக்க மாட்டாரு.”

கல்யாண ஃபோல்டரைத் திறந்து அடுத்த ஃபோல்டருக்குப் போனான். படம் இருந்தது. சித்தப்பா இல்லை. பெரியம்மா படங்களை வைத்திருப்பது உரிப்பொருள் வழியே: யார் யாரோடு ஊடினார், யார் வரும்வரை யார் இரங்கிக் காத்திருந்தார், யார் பிரிந்தார். மற்ற இரு பொருளையும்விடப் பாட்டுக்கு அதுவே சிறந்தது என்பது பழைய கொள்கை. நிலத்தையும் பொழுதையும் கருவி பதிவு செய்யும். முகம், மாலை, வாழைமரம், நாதஸ்வரம் போன்ற கருப்பொருளை இப்போதைய செயற்கை அறிவும் ஓரளவு அடையாளம் சொல்லிவிடும். சித்தப்பா ஏன் பந்தியிலிருந்து எழுந்தார் என்பதை எழுதிவைக்க எக்ஸிஃபில் கட்டம் இல்லை.

தம்பி மகன் இம்முறையை உடனே நடைமுறைப்படுத்தினான். தேதிப் பெயர்களை அகற்றிவிட்டு, பெரியம்மா சொல்லச் சொல்ல ஃபோல்டர்களுக்குப் புதுப்பெயர் இட்டான். வாழ்நாளில் முதல்முறையாக எதையும் திருத்தவில்லை. இப்போது எந்தப் படமும் நொடியில் கிடைக்கிறது. திரையில் வரிசையாக நிற்பவை: ‘சித்தப்பா கோபம்’, ‘சித்தப்பா கோபம் (2)’, ‘அத்தை வராதது’, ‘சித்தப்பா கோபம் ஃபைனல்’, ‘சித்தப்பா கோபம் ஃபைனல் புதுசு’. ஒரேயொரு நடைமுறைச் சிக்கல்தான் பாக்கி. எல்லாப் படங்களையும் ஃபோல்டரோடு அப்படியே பென் டிரைவில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.