முதலில் தகட்டை வாசியுங்கள்

கேள்வி: தேயிலை பெக்டரியில் கழித்த பழைய மில்லிங் மெஷினை வாங்கி வீட்டில் ஓட்டலாமா? (வாசகர், பதுளை)

பதில்: தாராளமாக! மெஷினுக்கு முன் மோட்டரின் தகட்டைப் பாருங்கள். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ். மோட்டர் கேட்பதோ 400 வோல்ட் திரீ பேஸ். தகட்டில் 230/400 என்றிருந்தால் டெல்டா இணைப்புக்கு மாற்றி, சிங்கிள் பேஸைத் திரீ பேஸாக்கும் இன்வர்ட்டர் ஒன்று பூட்டினால் ஓடும்.

அடுத்து, மேசைக் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்புங்கள். மேசை அசையாமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு சுற்றுகிறதோ, அவ்வளவு விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்தத் தளர்ச்சி உள்ளவரை கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே இரும்பைச் செலுத்துங்கள். கூடவே விட்டால் கட்டர் மேசையையே இழுத்துவிடும். பழைய பிரிட்டிஷ் மெஷினென்றால் டயல் அங்குலத்தில் இருக்கும்: 0.001 அங்குலம் 0.0254 மில்லிமீற்றர். முதல் வேலைக்கு அலுமினியத் துண்டு போதும். கண்ணாடி கட்டாயம், கையுறை கூடவே கூடாது, கட்டர் கையோடு சுருட்டும்.