சாமி இல்லாதவருக்கு என்ன கவலை?
"சாமியே இல்லைன்னு சொல்ற உனக்கு, கோயில் விவகாரத்துல என்னாப்பா வேலை?" 1929இல் பெரியார் வந்திறங்கிய பினாங்கில் இன்றும் பகுத்தறிவுக்காரரிடம் கேட்கப்படும் கேள்வி இது. நியாயம்தான். ஆனால் அவர் சாமியை விட்டாலும் சாமி அவரை விட்டால்தானே! 1970இல் வந்த மலேசியாவின் தேசிய உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை. பள்ளிச் சபைகூடலில் நாத்திகர் வீட்டுப் பிள்ளையும் அதை ஒப்பிக்கும். 2017 தைப்பூசத்தில் செட்டியார்களின் வெள்ளி ரதம் போதாதென்று இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் ஜார்ஜ்டவுன் தெருவில் இறங்கியது. இரண்டுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களில் நாத்திகரும் உண்டு. (விடுமுறையை மட்டும் அவர் மறுக்கவில்லை.) அதே ஆண்டு ஆகஸ்டில், நாத்திகர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்றார் ஓர் அமைச்சர். தேடப்படுகிறவர், தேடுகிறவர் யாரென்று எட்டிப்பார்ப்பதும் குற்றமா?