இமை இழுக்கும் பெரியம்மா

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இமை இழுக்கும் பெரியம்மா இல்லாத தெரு கிடையாது. வயது ஐம்பதுக்கு மேல். சொந்தப் பெரியம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டு அத்தையோ மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கையோ கூட இந்தப் பதவியை வகிக்கலாம். எதிரே வருபவர் புதுப் பட்டுப்புடவையில் வந்தாலும் சரி, வேலை கிடைத்த சேதியோடு வந்தாலும் சரி, பெரியம்மாவின் பார்வை கண்ணுக்குக் கீழே அரை அங்குலத்தில் போய் நின்றுவிடும். "இன்னாம்மா இது, கண்ணுக்குக் கீழ இப்டி கருத்துக் கெடக்குது? ராத்திரியில தூங்கறதே இல்லியா?" வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் இதிலேயே அடக்கம். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கத்துத் தண்டவாளமும் விழுப்புரம் சந்திப்பில் வந்து சேருகிற மாதிரி, எந்தப் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் இவரிடம் அது கருவளையத்தில் வந்து சேரும்.

இவர் அதிகம் தென்படும் இடங்கள் ரேஷன் கடை வரிசை, வளைகாப்பு, காரிய வீடு, கல்யாணம். கல்யாணத்தில்தான் இவர் முழு வீச்சில் இயங்குவார். மயிலம் முருகன் கோயிலில் முகூர்த்தம் என்றால் பெண் வீட்டார் ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சீர்த்தட்டு அடுக்கி, பிள்ளைகளை இருட்டிலேயே குளிப்பாட்டி, விடியுமுன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். பெரியம்மாவும் அதே வேனில் வந்தவர்தான். மலையடிவாரத்தில் இறங்கியதும் கூட வந்தவளின் முகத்தைப் பார்த்து, "தூங்கறதே இல்லியா?" என்பார்.

கேள்வியோடு விட்டால் பரவாயில்லை. ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நான்கு படிகள்.

முதல் படி, மோவாயைப் பிடிப்பது. பிடிபட்டவரின் கையில் குழந்தையோ பந்தி வாளியோ இருக்கும் நேரமாகப் பார்த்துப் பிடிப்பார், ஓட முடியாது. இரண்டாவது, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவது. மண்டபத்து டியூப்லைட் நேர் உச்சியில் எரியும். கண்ணுக்குக் கீழே இயற்கையாகவே ஒரு பள்ளம் உண்டு. உச்சி வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தில் நிழல் விழும். முகத்தைக் கொஞ்சம் தூக்கினால் நிழல் போய்விடும். பாதிக் கருவளையமும் அதோடு போய்விடும். பெரியம்மா முகத்தைத் தூக்கமாட்டார். தலையைக் குனியவைத்துத்தான் பார்ப்பார்.

மூன்றாவது, வலது கைக் கட்டைவிரலை வைத்துக் கீழ் இமையைக் கன்னம்வரை இழுப்பது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அடியில் கொழுப்பும் குறைவு. தோலில் நிறமி கூடியதால் வந்த கருப்பு என்றால் இழுத்தாலும் அப்படியே இருக்கும். அடியில் ஓடும் ரத்தக்குழாய்களால் வந்தது என்றால் இழுக்க இழுக்கத் தோல் இன்னும் மெலிந்து, கருப்பு எடுப்பாகத் தெரியும். தோல் மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறிவதற்கு இமையை மெல்ல இழுத்துப் பார்ப்பதுண்டு. பெரியம்மா எதையும் பிரிப்பதில்லை. தாம் இழுத்ததால் கருத்த இடத்தைத் தாமே சுட்டிக்காட்டி, பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காண்பிப்பார்.

இழுத்த இடத்தில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு கோடு தெரிந்துவிட்டால் தீர்ந்தது. "பச்ச நரம்பு ஓடுது பாரு. நரம்புத் தளர்ச்சிதான்." அது சிரை, உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். தோல் வழியாக ஒளி போய்த் திரும்பும்போது நிறம் மாறித் தெரிகிறது. சிவந்த மேனிக்காரர்களுக்கும் தோல் மெலிந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். சிவந்த மேனி வேண்டுமென்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்த அதே கை, பிற்காலத்தில் அந்த மேனியில் தெரியும் நரம்பைப் பார்த்துப் பதறும்.

நான்காவது படி தீர்ப்பு. இதற்கு முன் ஒன்று நடந்திருக்கும். பெரியம்மாவின் மடியில் பெரும்பாலும் வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) இருக்கும். உரித்த கையில் உப்பு இருக்கும். அந்தக் கட்டைவிரல் இமையில் பட்டதும் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். பெரியம்மா அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார். "பாத்தியா, தண்ணி தண்ணியா ஊத்துது. எல்லாம் ஒடம்புச் சூடு. வெள்ளிக்கிழமையில எண்ண தேச்சி முழுவச் சொன்னா எவ கேக்கறா?" பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தும் விடுவார்.

மருந்துகள் பல. பாதாம் எண்ணெய், விளக்கெண்ணெய், உருளைக்கிழங்குச் சாறு, எலுமிச்சம்பழம், வெள்ளரிக்காய். எலுமிச்சை இமைத்தோலைப் புண்ணாக்கும். வெள்ளரி குளிர்ச்சியாக இருக்கும்வரை வீக்கம் கொஞ்சம் வடியும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியும் அதையேதான் செய்யும். பஸ் ஜன்னல் வழியாக வாங்கிய வெள்ளரிப்பிஞ்சில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கண்ணில் வைக்கச் சொன்ன பெரியம்மாக்களும் உண்டு. அதில் மிளகாய்த்தூள் தடவியிருக்கும்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு: மருந்துக்கடையில் பேரைச் சொல்லி வாங்கித் தரும் களிம்பு. உடனே வெளுக்கும் என்று பேர்பெற்ற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. மாதக்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலியும். முன்பு தெரியாத ரத்தக்குழாயெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணோரத்தில் தொடர்ந்து தடவினால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்து வரலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டது என்பதற்காக இதை யாருக்கும் வாங்கித் தரக்கூடாது. பெரியம்மாவுக்கும் இதைச் சொல்லியாயிற்று.

தூக்கத்தைப் பற்றிய விசாரணையும் சிரிக்க முடியாததுதான். சீசன் டிக்கெட்டில் விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வேலைக்குப் போகிற பெண், இருட்டில் எழுந்து சோறு வடித்து, நாலு டிபன் டப்பா கட்டி வைத்துவிட்டு வண்டி பிடிக்கிறாள். திரும்பி வந்து பாத்திரம் கழுவிப் படுக்கப் பாதி ராத்திரி ஆகிறது. அவள் ஏன் தூங்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். அதே வண்டியில் போய்வரும் அவள் தம்பிக்கும் கண்ணுக்குக் கீழே அதே கருப்பு இருக்கிறது. அவனைப் பார்த்தால் பெரியம்மா, "புள்ள ஒழச்சி ஒழச்சி ஓடாப் பூட்டான், ஒரு டம்ளர் காப்பி குடும்மா" என்பார். காப்பி போட எழுந்து போவது அவள். அவளிடம் மட்டும், "மாப்ள வூட்டுக்காரங்க பாக்க வரச்சொல்ல இதோடவா நிப்ப?" என்ற கேள்வி. தூக்கத்தை இத்தனை தடவை விசாரித்தவர்கள் அந்த டப்பாக்களில் ஒன்றைக்கூடக் கட்டிக் கொடுத்ததில்லை.

இத்தனைக்கும் பெரியம்மாவின் கட்டைவிரல் போய் நிற்கும் இடம் சரியான இடம். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கேதான் விரலை வைப்பார். ஆனால் அவர் பார்ப்பது வெளித்தோலை அல்ல, இமையின் உட்புறத்தை. அது சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தசோகை என்று சந்தேகித்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முகம் வெளுக்கும்போது கண்ணடிக் கருப்பு எடுத்துக் காட்டும். பெரியம்மா இத்தனை வருஷமாக இழுத்த இமைகளில் பாதியில் இந்தச் சேதி இருந்திருக்கும். இழுத்தார், உள்ளே பார்க்கவில்லை.

ஆனால் யாராவது தலைசுற்றி விழுந்தால் முதலில் ஓடிவந்து மடியில் தாங்குபவரும் இவர்தான். ஆட்டோ பிடித்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், சாப்பிடாமல் மதியம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். உள்ளே மருத்துவர் கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, "நானும் இதத்தான செஞ்சேன்" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவர் வீட்டு முருங்கைக்கீரை வந்துகொண்டிருக்கும்.

இவரைச் சமாளிக்கப் பல வழிகள் பார்த்தாயிற்று. "நல்லாத் தூங்கறேன் பெரிம்மா" என்றால், "எட்டு மணி நேரம் தூங்கியுமா இப்டி?" என்று ஆய்வு முதல் படிக்குத் திரும்பும். கறுப்புக் கண்ணாடி போட்டால் கழற்றிவிட்டு இழுப்பார். கண்மை தீட்டினால் மை கன்னத்துக்கு வந்து சேரும். எஞ்சியிருக்கும் ஒரே வழி எதிர்க்கேள்வி. பெரியம்மாவின் கண்ணுக்குக் கீழும் நல்ல கருப்பு உண்டு, அதைக் கேட்டால் கொஞ்சமும் அசராமல், "இது எங்கம்மா வழி. எங்க வூட்ல எல்லாருக்கும் இப்டித்தான்" என்பார். கருவளையத்துக்குப் பரம்பரை முக்கியமான காரணம் என்பது மருத்துவமும் ஒப்புக்கொண்டது. அவர் சொன்ன காரணங்களில் சரியானது இந்த ஒன்று. அதே அம்மாவின் பேத்திக்கு மட்டும் காரணம் செல்போன்.