அரை மணியில் பார்க்கக் கூடாத இடம்

கேள்வி: ஜெய்சல்மேர் வரை போய், ஒட்டகத்தின் மேல் குலுங்கிக் குலுங்கி மணலைப் பார்ப்பதில் அப்படி என்ன சுகம்? ஜீப்பில் போனால் அரை மணியில் முடிந்துவிடுமே?

பதில்: அரை மணியில் முடிந்துவிடும், அதுதான் ஜீப்பின் குறை! ஒட்டகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர்தான் நடக்கும். அந்த நடையில்தான் தார் பாலைவனம் வெறும் மணல் இல்லை என்பது கண்ணில் படும். நம் ஊர் வன்னி மரம் அங்கே 'கேஜ்ரி' என்ற பெயரில் நிற்கும், எருக்கும் உண்டு. அதிர்ஷ்டமிருந்தால் சிங்காரா மான் குறுக்கே ஓடும்.

குலுக்கலா? ஒட்டகம் ஒரு பக்கத்து இரு கால்களையும் சேர்த்தே எடுத்து வைக்கும், அதனால்தான். எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். சேணத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் முக்கியம். கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-இல் நாட்டில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019-இல் இரண்டரை லட்சம்தான். வண்டி இழுக்கும் வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது, மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. 2014-இல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது. பட்டம் தீவனம் போடாதே! ஒட்டகத்தை விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உங்கள் சவாரிக் கூலி உண்மையான உதவி.

ஜெய்சல்மேர் பக்கம் சம் மணல்மேட்டில் கூட்டம் அதிகம், குரி கிராமத்துக்குப் போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கம்பளி மறக்க வேண்டாம், இரவுக் குளிர் பல்லைக் கிட்ட வைக்கும்.