ராணி கலரும் நரிக் கலரும்

ஏல பேராண்டி, செத்த உக்காரு. கல்யாணத்துக்குப் பொம்பளையாளுக எல்லாரும் ஃபியூஷா கலர்ல சேலை கட்டி வரணும்னு வாட்சப்புல ஓலை விட்டிருக்கியாமே! நல்ல காரியம். ஆனா எழுத்துக்கூட்டுன லெச்சணத்தப் பாத்தேன். எஃப், யூ போட்டுட்டு அடுத்தாப்ல எஸ்ஸைக் கொண்டாந்து நிப்பாட்டிட்ட. அது சி, ஹெச்சுக்குப் பின்னால நிக்க வேண்டிய எழுத்துல்லா! உன்னைய மட்டும் குத்தஞ்சொல்லல. இங்கிலீசுலயே பொறந்து வளந்தவனுவளும் இந்த எடத்துல சறுக்குதானுவ. காதுல 'ஷா'ன்னு விழுது, கை அதுபாட்டுக்கு எஸ்ஸை முன்னால தள்ளிருது.

அந்த வார்த்தைக்குள்ள ஒரு மனுசன் இருக்காரு, அவரத் தெரிஞ்சுக்க. ஜெர்மனியில லியோன்ஹார்ட் ஃபுக்ஸ்னு ஒரு வைத்தியரு. 1501ல பொறந்து 1566ல போய்ச் சேந்தவரு. டியூபிங்கன் பல்கலைக்கழகத்துல வாத்தியாரு. மூலிகைகளப் பத்தி 1542ல தண்டியா ஒரு புஸ்தகம் போட்டாரு. ஐநூறு படத்துக்கு மேல. அதுல படம் வரைஞ்சவுக, மரக்கட்டையில செதுக்குனவரு மூஞ்சியையும் சேத்து அச்சடிச்சாரு. நீ என்னடான்னா, அடுத்தவன் எடுத்த போட்டோவ உன் பேர்ல போட்டு லைக்கு வாங்குத.

இதுல கூத்து என்னன்னா, தம்பேரு வச்ச பூவ அவரு கண்ணால கூடப் பாத்ததில்ல. அது அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்துச் செடி. பிரெஞ்சுச் சாமியாரு சார்லஸ் ப்ளூமியர் கரீபியன் தீவுல அதக் கண்டு, 1703ல ஃபுக்ஸ் பேர வச்சாரு. வைத்தியரு செத்து 137 வருசங் கழிச்சு வந்த மரியாதை! நீ அஞ்சு நிமிசத்துல நாலு லைக்கு வரலேன்னா மொகத்தத் தொங்கப் போடுத. இன்னொண்ணும் கேளு: அவரு பேரு வச்ச அந்த மொதப் பூவு நீ சொல்லுத கலரே கெடையாது, செக்கச்செவேல்னு இருக்கும்.

கலரு எப்ப வந்துச்சுன்னா, அது சாயக்காரக வேலை. 1859ல, ஃபிரான்சு லியோன் பட்டணத்துல வெர்கன்னு ஒருத்தரு அனிலின்ல இருந்து ஒரு சாயம் எடுத்தாரு. ஃபுக்சின்னு பேரு. பூவு கலரப் பாத்து வச்சதும்பாக. ஆனா அதத் தயாரிச்சு வித்த முதலாளிக பேரு ரெனார். பிரெஞ்சுல ரெனார்னா நரி. ஜெர்மன்ல ஃபுக்ஸ்னாலும் நரி. பூவுக்குச் செஞ்ச மரியாதையா, முதலாளிக்குப் போட்ட சோப்பா, நீயே பைசல் பண்ணிக்க.

அதே வருசம் ஜூன்ல, இத்தாலியில மஜென்டாங்கிற ஊர்ல பிரெஞ்சுக்காரப் பட்டாளம் ஆஸ்திரியாக்காரன ஓட ஓட வெரட்டுச்சு. யாவாரிக சும்மா இருப்பாகளா? ஜெயிச்ச சூட்டோட சாயத்துக்கு அந்த ஊருப் பேர மாட்டி வித்துட்டாக. இன்னைக்கும் உன் கம்ப்யூட்டர்ல ஃபியூஷான்னாலும் மஜென்டான்னாலும் ஒண்ணுதான்: செவப்பு 255, பச்சை 0, நீலம் 255. ரெண்டுக்கும் பேருதான் வேற. நீ என்னமோ மஜென்டா பழசு, ஃபியூஷாதான் பேஷனுங்க.

உங்க அத்தை இந்தச் சாயலுக்கு 'ராணி கலர்'னு சொன்னதுக்குப் பல்லக் காட்டிச் சிரிச்சியாமே. ஜவுளிக்கடையில அவ ராணி கலர்னு வாயத் தொறந்ததும் பையன் மடிப்புக் கலையாம எடுத்துப் போடுதான். நீ ஃபியூஷான்னா, செல்லுல படத்தத் தேடிக் காட்டிட்டு நிக்கணும்.

அதனால ரெண்டுல ஒண்ணு செய்யி. படிச்சவன்னு காட்டித்தான் ஆவணும்னா, அந்த வைத்தியரு பேர எஃப், யூ, சி, ஹெச், எஸ்னு மொதல்ல முழுசா எழுது. பொறவு வாலுல ஐ, ஏ ரெண்டையும் ஒட்டு. செத்தாலும் பிழை வராது. அம்புட்டு நெனப்பு நிக்காதுன்னா, வெக்கப்படாம ராணி கலர்னே எழுது. எழுத்தும் தப்பாது, சேலையும் தப்பாது.