ஏற்கெனவே வந்தவர்

பெட்டி இறக்கும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மற்ற நான்கு பேரும் வேனின் பின்கதவில் முட்டிமோதிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் இடுப்பில் கைவைத்து எங்கள் அடுக்குமாடியை அண்ணாந்து பார்த்து, “எல்லாம் அப்படியே இருக்கு” என்பார். அவர்தான் ஏற்கெனவே வந்தவர்.

செராஸ் தாமான் கொனாட்டில், பிள்ளைகள் போனபின் சும்மா கிடக்கும் வீடொன்றை நாள் வாடகைக்கு விட்டுவருகிறேன். மாநாட்டுக் காலங்களில் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் வருவார்கள். நகரத்து ஓட்டல் வாடகையைக் கேட்டு, மனத்துக்குள் ரூபாயாக மாற்றி, மயங்கித் தெளிந்து, பிறகு செராசுக்கு வருவார்கள்.

இந்த ‘ஏற்கெனவே வந்தவர்’ வகையினருக்கு எங்கள் ஊரில் என்றுமே பஞ்சமில்லை. 1966இல் தனிநாயகம் அடிகளார் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியதே கோலாலம்பூரில்தான். பிறகு 1987, 2015, 2023. நான்கு முறை நடந்தால், ஏற்கெனவே வந்தவர்கள் சேர்ந்துகொண்டேதானே போவார்கள்? 1987இல் வந்த பெரியவர் ஒருவர் 2015இல் மறுபடி வந்து, “சுபாங்கில் இருந்த விமான நிலையத்தை எதற்கய்யா இவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தீர்கள்?” என்று என்னிடம் கணக்குக் கேட்டார். நான்தான் பெயர்த்துக்கொண்டு போனேன் என்ற தோரணை.

2023 ஜூலையில் வந்த ஐயா, 2015இல் நான்கு நாள் இருந்தவர். அந்த நான்கு நாள் அனுபவம் எட்டு ஆண்டுகளில் வட்டி போட்டுக் குட்டி போட்டிருந்தது. உடன் வந்தவர்கள் துறைத்தலைவர் அம்மா ஒருவர், கட்டுரையை இன்னும் எழுதிக்கொண்டிருந்த இரண்டு இணைப்பேராசிரியர்கள், எதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஆய்வு மாணவி ஒருத்தி. ஊறுகாய், பருப்புப்பொடி, மின்சாரச் சோற்றுப்பானை, யாருக்குப் போர்த்துவது என்று முடிவாகாத எட்டுப் பொன்னாடை எல்லாம் வந்து இறங்கின.

இத்தனை பாடு எதற்கு என்று ஒரு முறை ஓர் இணைப்பேராசிரியரைக் கேட்டேன். மனிதர் ஒளிக்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பன்னாட்டுக் கருத்தரங்கு வெளிநாட்டில் என்றால் கட்டுரைக்கு 7 மதிப்பெண். அதே பன்னாட்டுக் கருத்தரங்கு உள்நாட்டில் என்றால் 5. ஆக, கடல் தாண்டுவதற்கு 2 மதிப்பெண். அனுமன் காலத்தில் இந்த ஏற்பாடு இல்லாமல் போயிற்று.

அவர்கள் இறங்கிய அன்று புதன்கிழமை. தாமான் கொனாட்டில் புதன் என்றால் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குத் தெருவை அடைத்துக் கடை போட்டு, பொரித்த தவ்ஃபூ வாடை நான்காவது மாடி வரை ஏறிவரும். மாணவி எட்டிப் பார்த்து, “என்ன சார் விசேஷம்?” என்றாள்.

“சீனப் புத்தாண்டும்மா. போன தடவையும் இப்படித்தான் சிவப்பு விளக்கா தொங்கவிட்டிருந்தாங்க.”

போன தடவை அவர் வந்தது ஜனவரி கடைசியில். இது ஜூலை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுதிக்கொண்டுவிட்டாள்.

அடுத்து மாடி முகப்பிலிருந்து இரட்டைக் கோபுரத்தைக் காட்டினார். “இந்த ஊர்லயே அதுதான் உசரம்.”

“சார், இந்தப் பக்கம் இன்னொண்ணு அதைவிட உசரமா இருக்கே?”

“அது ஏதோ செல்போன் டவர்.”

அந்தச் செல்போன் டவருக்குப் பெயர் மெர்டேக்கா 118. உயரம் 678.9 மீட்டர், இரட்டைக் கோபுரம் 452. 2015இல் இல்லாத கட்டடத்துக்கு அவருடைய கோலாலம்பூரில் இடம் கிடையாது.

பணக்கணக்கும் அப்படியே. அவர் வந்தபோது ஒரு மலேசிய வெள்ளிக்குப் பதினேழு ரூபாய். எதைப் பார்த்தாலும் பதினேழால் பெருக்குவார். தண்ணீர்ப் போத்தலைப் பெருக்குவார், ரொட்டி சானாயைப் பெருக்குவார். சானாய் என்பது சென்னையே என்றும் ஒரு முடிவு வைத்திருந்தார். “சென்னையில அதுக்குப் பரோட்டான்னுதானே பேரு?” என்று துறைத்தலைவர் அம்மா கேட்டதற்குச் சென்னப்பட்டணத்தில் தொடங்கி அரைமணி நேரம் பதில் வந்தது. ரொட்டி ஆறிப்போனது.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ஐயா சகாக்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்தார். ரசம் ஊற்றிய பையனை நிமிர்ந்து பார்த்து, அழுத்தம் திருத்தமாக, “தெரிமா காசி” என்று நன்றி சொன்னார்.

“இருக்கட்டும்ணே. எந்த ஊரு? நமக்கு அறந்தாங்கி” என்றான் பையன்.

மாநாட்டன்று காலை, அது நடக்கும் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பாடு. ரயிலில் போகலாம் என்றேன். “செராசுக்கு ஏதுங்க ரயில்? வழி நெடுகத் தகரம் அடைச்சு, தூண் தூணா நட்டுவச்சிருப்பாங்க, நான் பார்த்திருக்கேனே” என்றார். உண்மைதான். அந்தத் தூண்களின்மேல் 2017 ஜூலையிலிருந்து எம்ஆர்டி ஓடுகிறது. நிலையம் வீட்டிலிருந்து நடை தூரம். பாசார் செனியில் எல்ஆர்டிக்கு மாறினால் யுனிவர்சிட்டி நிலையம்.

நிலையத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைக் கேட்காமல் ஒரு ரயில் பாதை போட்டுவிட்டார்களே என்ற வருத்தம். சட்டென்று முகம் மலர்ந்தது. பணப்பையின் உள்ளறையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரித்தால் நீல நிற பிளாஸ்டிக் வில்லை. 2015இல் எல்ஆர்டி பயணச்சீட்டாக வாங்கி, கடைசி நேரத்தில் யாரோ காரில் ஏற்றிக்கொண்டதால் பயன்படாமல் போனதாம். “நீங்க வாங்குங்க, எனக்கு இருக்கு.”

அந்த வில்லை வாங்கிய அன்றைக்கு மட்டும்தான் செல்லும். சொன்னேன். காதில் விழவில்லை. நுழைவாயிலில் வைத்து அழுத்தினார், சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார், சிவப்பு. பின்னால் அலுவலகம் போகிற சீனப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். “மெஷின்ல ஏதோ கோளாறு” என்று நகர்ந்துகொண்டார். அவருக்கும் சேர்த்து மாணவிதான் வாங்கிவந்தாள்.

கட்டுரையைச் சொல்ல மறந்துவிட்டேன். வாசித்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள்.

மாநாடு முடிந்து பத்துமலை. 272 படிகளுக்கும் 2018இல் வண்ணம் பூசியாயிற்று. ஐயா நெடுநேரம் பார்த்துவிட்டு, கைப்பேசியில் பழைய படத்தைத் தேடியெடுத்து, வண்ணமில்லாத படிகளை ஒவ்வொருவருக்கும் காட்டினார். எதிரே இருப்பதைவிட அவருக்கு அதில்தான் நம்பிக்கை. எல்லோரும் ஏறப் புறப்பட்டபோது செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க வரலையா சார்?”

“நான் போன தடவையே ஏறிட்டேன்மா.”

புறப்படும் நாளன்று கேஎல் சென்ட்ரல் வரை கூடப் போனேன். எங்கள் நிலையத்தில் வில்லை வாங்கும் இயந்திரம் இப்போது ஐயாவுக்கு அத்துப்படி. தானே முன்னால் நின்று ஐந்து பேருக்கும் எடுத்துத் தந்தார். எல்லோரும் உள்ளே போனபின் திரும்பிப் பார்த்தேன். இயந்திரத்தில் இன்னும் சில்லறை போட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது வில்லை விழுந்தது. காகிதத்தில் மடித்துப் பணப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார்.